நிரலர் கருத்துகளும் எல்லைத் தமிழும்: பாலக்காடு, இடுக்கி ஊர்ப்பெயர்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கேரள மாநிலத்தின் கிழக்கெல்லையில் பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூர் வட்டமும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களும் தமிழும் மலையாளமும் அன்றாடம் அருகருகே வழங்கும் பகுதிகளாகும். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதிகள் கேரளத்தில் நின்றன. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் இடமளித்தது. கையெழுத்தும் தட்டச்சுப்பொறியும் கருவியாக இருந்த காலத்தில் இவ்வுரிமை எழுதுவோரின் மொழியறிவை மட்டுமே சார்ந்திருந்தது. இரு மொழிக்கும் இரு பொறிகள் இருந்தால் போதும். கணிப்பொறி வந்த பின்னர், ஓர் ஊரின் பெயரும் ஓர் ஆளின் பெயரும் தமிழில் எவ்வாறு தோன்றவேண்டும் என்பது, அவ்வூரைக் கண்டிராத நிரலர் எங்கோ வகுத்த குறி அட்டவணையையும் சார்ந்ததாயிற்று.

நிரலர் தம் தொழிலைப் பற்றித் தாமே எழுதிவந்துள்ள கருத்துகள் மொழியியலார் பார்வைக்கு அதிகம் வருவதில்லை. மென்பொருளை எப்படி ஆக்கவேண்டும், எதைத் திருத்தலாம், எதைத் தொடலாகாது என்பன குறித்து அவர்களிடையே கூர்மையான வாதங்கள் நிகழ்ந்துள்ளன. 1991இல் அச்சான ரிச்சர்டு கேபிரியலின் கட்டுரை, 1997இல் எரிக் ரேமண்டு படித்த கட்டுரை, 2000, 2003 ஆகிய ஆண்டுகளில் ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதிய இரு கட்டுரைகள் ஆகியன அவற்றுள் பரவலாகப் பேசப்பட்டவை. தமிழை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை அல்ல இவை. ஆயினும் தமிழ்க் குறியேற்றத்தின் வரலாறு இக்கருத்துகளுக்கு ஒரு சோதனைக்களமாகவே அமைந்துவிட்டது. அச்சோதனையின் விளைவுகளைத் தமிழும் மலையாளமும் ஒரே பொறியில் எழுதப்பெறும் இவ்வெல்லைப் பகுதியின் ஊர்ப்பெயர்களைக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

ஒரே அட்டவணை

இந்திய எழுத்துகளுக்கான குறியேற்ற முயற்சி கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கி, 1988இல் நிறுவப்பெற்ற சி-டாக் நிறுவனத்தில் தொடர்ந்தது. அதன் பயனாக உருவான இஸ்கி என்னும் குறியேற்றம் 1991இல் இந்தியத் தர நிறுவனத்தின் தரமாக வெளியிடப்பட்டது. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை போதும் என்பதே அதன் அடிப்படைக் கோட்பாடு. தேவநாகரியின் ககரமும் தமிழின் ககரமும் மலையாளத்தின் ககரமும் ஒரே எண்ணைப் பெறும். எழுத்துவகையைக் காட்டும் குறி ஒன்றை மாற்றிவிட்டால் அதே பனுவல் வேறு எழுத்தில் தோன்றும். தமிழுக்கு இல்லாத வருக்க எழுத்துகளின் இடங்கள் வெறுமையாக விடப்பட்டன. ழகரத்துக்கும் றகரத்துக்கும் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன.

ஒன்றை ஒருமுறை எழுதினால் போதும், பலமுறை எழுதலாகாது என்பது நிரலர் மரபில் ஏறத்தாழ ஒரு விதி. இஸ்கியை அவ்விதியின் அழகிய வெளிப்பாடு எனலாம். ஒன்பது எழுத்துவகைகளுக்கு ஒன்பது முறை உழைக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை உழைத்து முடித்தனர்.

1991 அக்டோபரில் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பு, இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியே இந்திய எழுத்துகளுக்கு இடம் வகுத்தது. யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துவகைக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. எனினும் பகுதிக்குள் எழுத்துகள் நிற்கும் வரிசை இஸ்கியின் வரிசையே. மலையாள எழுத்தின் எண்ணிலிருந்து 384ஐக் கழித்தால் அதற்கு இணையான தமிழ் எழுத்தின் எண் கிடைக்கும். இவ்வெளிய கணக்கு நிரலர் எவரையும் ஈர்க்கும். மலையாளத்தில் உள்ள ஊர்ப்பட்டியலைத் தமிழாக்க ஒரே வரி நிரல் போதும் என்று தோன்றும்.

இக்கோட்பாடு தமிழிலக்கண மரபோடு முரண்பட்ட இடங்களையும் ஈண்டுச் சுட்டவேண்டும். தமிழ் மரபில் ‘க்’ என்பதே மெய். அதனோடு அகரம் சேர்ந்து ‘க’ ஆகிறது. இஸ்கியும் யூனிகோடும் ‘க’ என்பதை அடிப்படையாகக் கொண்டு, புள்ளியை அதன்மேல் ஏறும் கூட்டுக்குறியாகக் கருதுகின்றன. வடமொழி எழுத்துமுறைக்கு இது பொருந்தும். ஆய்தம் விசர்க்கத்தின் இடத்தில் வைக்கப்பட்டது. யூனிகோடில் இன்றும் அதன் ஆங்கிலப் பெயர் விசர்க்கம் என்பதே. ஒருமுறை இட்ட பெயரை மாற்றலாகாது என்பது யூனிகோடு அமைப்பின் நிலைப்பாட்டுக் கொள்கை. தமிழில் வழங்காத அனுசுவாரக் குறி ஒன்றும் தமிழ்ப் பகுதியில் இடம்பெற்று, இன்றுவரை நீக்கப்படாமல் நிற்கிறது. தொல்காப்பியர் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாக வைத்த ஆய்தம், கணிப்பொறியில் அயலார் பெயரோடு குடியிருக்கிறது.

மூந்நாரும் ஆநமுடியும்

மேற்கூறிய 384 கணக்கை இவ்வட்டாரத்தின் ஊர்ப்பெயர்கள்மேல் செலுத்திப் பார்ப்போம். இடுக்கி என்னும் பெயர் சிறிதும் சிதையாமல் இடுக்கியாகவே வரும். முதற்சோதனைக்கு இப்பெயரை எடுத்துக்கொண்ட நிரலர் தம் நிரல் சரியே என்று மகிழ்ந்திருப்பார். அடுத்துப் பாலக்காடு. தமிழில் இது ஐந்து எழுத்து. யூனிகோடில் ஒன்பது குறிகள். மலையாளத்திலும் ஒன்பது குறிகளே. முதல் எட்டும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றன. ஒன்பதாவதில்தான் வேறுபாடு. தமிழ் தன் குற்றியலுகரத்தை முற்றியலுகரத்தைப் போலவே உகரக் குறியிட்டு எழுதுகிறது. மலையாளமோ அதே குறுகிய உயிரைச் சந்திரக்கலையால், அஃதாவது நம் புள்ளிக்கு நேரான குறியால் எழுதுகிறது. ஆகவே கணக்கின் விளைவு ‘பாலக்காட்’ என்று நிற்கும். பீருமேடு ‘பீருமேட்’ ஆகும். வல்லின மெய் ஈறாக வாராது என்னும் தமிழ் விதி இங்கே மீறப்படுகிறது. ஒலியளவில் இரு மொழியும் மிக நெருங்கி நிற்கும் இடத்தில்தான் எழுத்தளவில் பிரிகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

தேவிகுளத்தின் நிலை இன்னும் கடினமானது. மலையாளத்தில் இதன் முதலெழுத்து மெல்லொலித் தகரம். அதற்கு நேரான தமிழ் இடம் வெறுமையானது. எனவே முதலெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் தோன்றும். இறுதி மகரத்தை மலையாளம் அனுசுவாரத்தால் குறிக்கிறது. அது தமிழ்ப் பகுதியில் எவரும் வழங்காத அந்த அனுசுவாரக் குறியாக வந்து சேரும். அனைத்து எழுத்துகளுக்கும் பொதுவான வீடு என்று கட்டப்பட்ட அட்டவணையில், தமிழுக்கென ஒதுக்கிய அறையில் ஆளில்லாத இடங்களும், வேண்டாத பொருள்களும் ஒருங்கே உள்ளன.

இவையெல்லாம் எழுத்தின் அளவில் நிகழ்வன. மொழிவரலாறு குறுக்கிடும் பெயர்கள் வேறு வகையின. மறையூர் மலையாளத்தில் றகர அகரத்தோடு எழுதப்படுவதால் ‘மறயூர்’ ஆகிறது. வாளையார் ‘வாளயார்’ ஆகிறது. ஐகாரம் மலையாளத்தில் அகரமானது (மலை – மல, தலை – தல) திராவிட மொழியியல் மாணவர் முதலாண்டிலேயே கற்பது. கொழிஞ்சாம்பாறை ‘கொழிஞ்ஞாம்பாற’ ஆகிறது. மெல்லினத்தை அடுத்த வல்லினம் மெல்லினமாகத் திரியும் இம்மாற்றத்தை ஏ. ஆர். ராஜராஜ வர்மா தம் கேரளபாணினீயத்தில் மலையாளம் தனிமொழியான நெறிகளுள் முதலாவதாக வைத்தார். ஞ்ச என்பது ஞ்ஞ ஆவதும், ன்று என்பது ன்ன ஆவதும் இந்நெறியின்பாற்பட்டனவே. மூன்று ஆறுகள் கூடும் இடமாகிய மூணாற்றின் மலையாள வடிவத்திலும் இந்நெறியைக் காணலாம். நம் கணக்கு அதனை ‘மூந்நார்’ என்று தரும். முந்நூறு, முந்நீர் என்னும் சொற்களோடு பழகிய கண்ணுக்கு இவ்வடிவம் ஒரு கணம் பழந்தமிழ் போலவும் மயக்கம் தரலாம். உண்மையில் அது எம்மொழியும் அன்று.

மூந்நார் என்னும் வடிவத்தில் ந வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. மலையாளம் பல்லின நகரத்தையும் நுண்ணண்ண னகரத்தையும் ஒரே எழுத்தால் எழுதுகிறது. அவ்வெழுத்து நம் ந நிற்கும் இடத்தில் நிற்கிறது. ஆகவே இடுக்கி மாவட்டத்தில் 2695 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஆனைமுடி, ‘ஆநமுடி’ ஆகிவிடும். ஒலிக்கும்போது மலையாளியும் தமிழரும் ஒரே னகரத்தையே ஒலிக்கின்றனர் என்பதை நோக்க, இத்திரிபு முற்றிலும் அட்டவணையின் செயலே எனலாம். ராஜராஜ வர்மா இவ்விரண்டையும் வேறுபடுத்தத் தனி எழுத்தொன்றை முன்மொழிந்திருந்தார். வழக்கில் நிலைபெறாத அவ்வெழுத்துக்கு 2010இல் யூனிகோடின் 6.0 பதிப்பு இடமளித்தது. அதன் எண்ணிலிருந்து 384ஐக் கழித்தால் நம் னகரமே கிடைக்கும். ஆனால் ஊர்ப்பெயர்களை அவ்வெழுத்தால் எழுதுவார் இலர்.

ஆக, இப்பெயர்களில் ஒவ்வொன்றும் தமிழும் மலையாளமும் பிரிந்த வரலாற்றின் ஒரு துளியைத் தன்னுள் வைத்திருக்கிறது. எண்ணைக் கழிக்கும் நிரல் அவ்வரலாற்றை அறியாது. பொது அட்டவணையை வகுத்தவர்கள் எழுத்துகளின் உறவைச் சரியாகவே கண்டனர். எழுத்து உறவையே எழுத்துமுறை உறவாகப் பிற்காலத்தார் எடுத்துக்கொண்டதில்தான் இடர் எழுந்தது.

குறையுடையது பரவுதல்

கேபிரியலின் 1991ஆம் ஆண்டுக் கட்டுரை லிஸ்ப் என்னும் நிரல்மொழியைப் பற்றியது. எல்லா வகையிலும் சரியாக அமையவேண்டும் என்று முயலும் மென்பொருளைக் காட்டிலும், ஆக்குவதற்கு எளிதாகவும் ஓரளவே சரியாகவும் உள்ள மென்பொருள் விரைந்து பரவி, பரவிய பின்னர் மெல்லத் திருந்தும் என்பது அவர் கண்ட உண்மை. யூனிக்ஸும் சி மொழியும் அவர் காட்டிய சான்றுகள். தமிழில் இதற்கு இணையானது எழுத்துருக் குறியேற்றம்.

இஸ்கி முறைக்கு, எழுத்துகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் தனி மென்பொருளோ வன்பொருள் அட்டையோ தேவைப்பட்டது. 1990களில் வீட்டுக் கணிப்பொறி வைத்திருந்த தமிழர் பலருக்கு அது எட்டவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தால் எந்தப் பொறியிலும் தமிழ் தெரியும் என்பதைப் பலர் தனித்தனியே கண்டனர். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை, மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் முதலியன அவ்வாறு வந்தவை. ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் எழுத்துருவில் திறந்தால் குப்பையாகத் தெரிந்தது.

1997 மே மாதம் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியது. அதே மாதத்தில் செருமனியின் வூர்ட்சுபர்க்கு நகரில் எரிக் ரேமண்டு தம் கட்டுரையைப் படித்தார். மென்பொருளாக்கத்தில் இரு முறைகள் உண்டு என்பது அவர் கருத்து. ஒன்று பேராலயம் கட்டும் முறை. சிலர் கூடி மறைவில் வடிவமைத்து முழுமையாக வெளியிடுவது. மற்றது சந்தை முறை. நாளும் வெளியிட்டு, காண்பார் அனைவரையும் குறைகூறச் செய்து திருத்துவது. நோக்குவோர் தொகை மிகுந்தால் பிழை மறைந்திருக்க இயலாது என்பது அவர் துணிபு.

இஸ்கி பேராலயம் என்றால் டிஸ்கி சந்தை. 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல்வழி வாதிட்டு டிஸ்கி என்னும் எட்டுப் பிட்டுக் குறியேற்றத்தை உருவாக்கினர். அரசோ தர நிறுவனமோ அதற்குப் பின்னால் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல இக்குறியேற்றத்தில் வெளிவந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு டாப், டாம் என்னும் வேறிரு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. சந்தையும் பேராலயமும் இரண்டாண்டுக்குள் அடுத்தடுத்து நின்றன எனலாம்.

டிஸ்கி எழுத்தைக் காணும் வரிசையில் சேமித்தது. ‘கெ’ என்பதில் கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் நிற்கும். ஒலிவரிசையில் ககரம் முன்னது. கையால் எழுதுவோரின் பழக்கத்துக்கு டிஸ்கி நெருக்கமானது. அகரவரிசைப்படுத்தவும் சொற்பகுப்பு செய்யவும் விரும்பும் மொழியியலாருக்கு அது தொல்லை. ரேமண்டின் துணிபில் ஒரு மறைகுறை உண்டு என்பது இக்கட்டுரையாளர் கருத்து. சந்தையில் நோக்கிய கண்கள் பலவாயினும் அவை பெரும்பாலும் தமிழ் மட்டுமே எழுதுவோரின் கண்கள். மலையாளத்தோடு தமிழை ஒரே பக்கத்தில் எழுதவேண்டிய கொழிஞ்சாம்பாறை ஆசிரியருக்கு எட்டுப் பிட்டுக் குறியேற்றம் எதுவும் உதவவில்லை. மேற்பாதியின் 128 இடங்களில் தமிழ் அமர்ந்தால் மலையாளத்துக்கு இடமில்லை. எழுத்துருவை மாற்றி மாற்றி எழுதுவது ஒன்றே வழி. அவர் தேவையை நிறைவேற்றியது, தமிழ் ஆர்வலர் பலர் குறைகூறிய யூனிகோடே.

மீண்டும் முதலிலிருந்து

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஸ்போல்ஸ்கி எழுதிய கட்டுரை, நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியை அடியோடு புதிதாக எழுத முனைந்ததைக் கண்டித்தது. பழைய நிரல் அழகற்றது என்று தோன்றும். அதன் ஒவ்வோர் ஒழுங்கின்மையும் என்றோ ஒரு பயனர் கண்ட பிழையின் திருத்தம். அதை எறிவது அவ்வறிவை எறிவதாகும். நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்புக்குப் பின் ஐந்தாம் பதிப்பு வெளிவரவே இல்லை. 2000 நவம்பரில் ஆறாம் பதிப்பு வந்தபோது சந்தை கைமாறியிருந்தது.

தமிழில் இவ்வாறு முதலிலிருந்து எழுத முனைந்தது டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றம். உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தருவது அதன் நெறி. மொழியியல் நோக்கில் அது செம்மையானது என்பதில் ஐயமில்லை. யூனிகோடில் ஒன்பது குறியாகும் பாலக்காடு அதில் ஐந்தே குறியாகும். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் 27 பைட்டு கொள்ளும் சொல் அதில் 10 பைட்டில் அடங்கும். அகரவரிசையும் எளிது. யூனிகோடு எண்களை அப்படியே வரிசைப்படுத்தினால் றகரம் லகரத்துக்கு முன் வருவதால் ‘மறையூர்’, ‘மலை’ என்னும் சொற்களின் முறை மாறும். புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்ணைவிடப் பெரிது. ஆகவே ‘அக்கா’ என்னும் சொல் ‘அகம்’ என்பதற்குப் பின்தள்ளப்படும். தமிழ் அகராதிகளில் மெய்யே முன்வரும். இக்குறைகளைத் தனி வரிசையாக்க விதிகளால் நீக்கவேண்டியுள்ளது.

எனினும் 2010 சூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழ்நாட்டரசு யூனிகோடையே தரமாக ஏற்று, டேஸ்16ஐ மாற்றுத் தரமாக மட்டும் அறிவித்தது. டேஸ்16 எழுத்துகள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியிலேயே நிற்கின்றன. 1991இல் இட்ட அடித்தளத்தின்மேல் அதற்குள் இயக்குதளங்களும் உலாவிகளும் தேடுபொறிகளும் எழும்பிவிட்டன. 2008இல் வெளிவந்த யூனிகோடு 5.1, தமிழ் மெய்களுக்கும் உயிர்மெய்களுக்கும் பெயர்பெற்ற தொடர்கள் என்னும் தகுதியை அளித்தது. தனி எண் இல்லை, தனிப் பெயர் மட்டும் உண்டு. சமரசம் என்னும் சொல்லுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அதே 5.1 பதிப்பு மலையாளத்தில் எதிர்த்திசையில் சென்றது. மலையாளத்தின் சில்லெழுத்துகள், அஃதாவது உயிரேறா ன், ர், ல் முதலியன, அதுவரை மெய்யும் சந்திரக்கலையும் இணைப்புக்குறியும் சேர்ந்த தொடராக எழுதப்பட்டன. 5.1 அவற்றுக்குத் தனி எண்களை வழங்கியது. வழங்கவேண்டும் என்றவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு மொழியியலார்க்குச் சுவையானது. ‘வன் + யவனிக’ (பெரிய திரை), ‘வன்ய + வனிக’ (காட்டுச் சோலை) ஆகிய இரண்டும் கண்ணுக்குப் புலனாகாத இணைப்புக்குறி ஒன்றாலேயே வேறுபடுகின்றன. பொருளை வேறுபடுத்தும் எழுத்து தனி எழுத்தாக நிற்றல் வேண்டும் என்பது அவர்கள் வாதம். சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வ அணியினர் இதனை எதிர்த்தனர். ஏற்கெனவே எழுதிக் குவிந்த பனுவல்களும் புதியனவும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றி உள்ளே வேறாக நிற்கும் என்றனர்.

இரு தரப்பும் கூறியது சரியே. எல்லைப் பகுதிக்கு அதன் விளைவு எதிர்பாராதது. மறையூர், வாளையார், மூணாறு, சிற்றூர் ஆகிய நான்கின் மலையாள வடிவங்களும் ரகரச் சில்லில் முடிவன. பழைய தொடரில் எழுதப்பட்டிருந்தால் 384 கணக்கு அதனைத் தமிழின் ‘ர்’ ஆகவே தரும். புதிய தனி எண்ணில் எழுதப்பட்டிருந்தால் தமிழ்ப் பகுதியில் அதற்கு நேரான இடம் வெறுமை. மலையாளத்தில் ஒரு நியாயம் செய்யப்பட்ட அதே நாளில், தமிழாக்க நிரல் பலவற்றில் ஊர்களின் ஈற்றெழுத்து உதிர்ந்துபோகும் நிலை உருவாயிற்று. தமிழிலும் இத்தகைய இரட்டை வடிவம் ஒன்று உண்டு. 2005இல் ஶகரம் யூனிகோடில் சேர்ந்தபின், ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்து ஸகரத்தாலும் ஶகரத்தாலும் எழுதப்பட்டு, காண ஒன்றாகவும் தேட இரண்டாகவும் நிற்கிறது.

ஸ்போல்ஸ்கி 2003 அக்டோபரில் எழுதிய மற்றொரு கட்டுரை, ஓர் எழுத்து ஒரு பைட்டு என்று எண்ணியிருக்கும் நிரலரை எள்ளி நகையாடியது. அது பயனுள்ள கண்டனமே. ஆனால் ஓர் எழுத்து ஒரு யூனிகோடு எண் என்று எண்ணுவதும் அதே வகைப் பிழைதான். ‘தமிழ்’ மூன்று எழுத்து, ஐந்து எண், பதினைந்து பைட்டு. விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கு இருபது எழுத்து என்று வரம்பிடும் நிரலர் இம்மூன்றில் எதை எண்ணுகிறார் என்பதைப் பொறுத்தே முருகேசன் முழுமையாகவோ, பாதியாகவோ பதிவாகிறார்.

விசைப்பலகை பற்றி

பொது அட்டவணைக் கோட்பாட்டின் குறைகளையே கூறிவந்த நிலையில் அதன் நன்மையையும் கூறுதல் முறை. இஸ்கியோடு உடன்பிறந்த இன்ஸ்கிரிப்ட்டு விசைப்பலகையில் எல்லா இந்திய மொழிக்கும் விசைகள் ஒரே அமைப்பின. கேரளப் பள்ளிகளில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், 2017இல் அதன் வழித்தோன்றலான கைட் நிறுவனமும் கட்டற்ற மென்பொருளையும் மலையாள இன்ஸ்கிரிப்ட்டையும் கற்பித்தன. 2001 சூலையில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றதும் இச்சூழலின் ஒரு பகுதியே. மலையாளத்தை இன்ஸ்கிரிப்ட்டில் பழகிய மூணாற்று மாணவர் தமிழுக்கு மாறும்போது விரல்கள் மீண்டும் கற்கவேண்டியதில்லை. மலை இறங்கிப் போடிக்குச் சென்றால் நிலை வேறு. அங்குத் தரமாகிய தமிழ்99இல், இன்ஸ்கிரிப்ட்டில் பகரம் தரும் விசை ககரம் தருகிறது. தமிழுக்கெனவே வகுக்கப்பட்டதாதலின் தமிழ்99 தமிழ் மட்டும் எழுதுவோர்க்கு விரைவானது. இரட்டித்த மெய்க்குப் புள்ளியைத் தானே இடும் வசதியும் அதில் உண்டு. இருமொழியாளருக்கு எது நல்லது என்பதை அவர்தம் விரல்களே தீர்மானிக்க வேண்டும்.

வார்ப்புத் தொடரும் வேற்றுமையும்

மொழிபெயர்ப்பாளரை நேரே தொடும் நிரலர் வழக்கம் ஒன்று உண்டு. நிரலுக்குள் உள்ள தொடர்களைத் தனியே பிரித்தெடுத்து மொழிபெயர்க்கத் தருவது. குனூ திட்டத்தின் கெட்டெக்ஸ்ட்டு 1995 முதல் இவ்வழக்கத்தைக் கட்டற்ற மென்பொருளில் பரப்பியது. நிரலர் கை படாமலே தமிழாக்கம் செய்ய இயன்றதற்கு இதுவே காரணம். ஆயின் தொடர்களில் பெயர் வந்து அமரும் வெற்றிடங்கள் இருக்கும். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல்லுக்குப் பின் எந்தப் பெயரையும் மாற்றமின்றி வைக்கலாம். தமிழில் பெயரோடு ‘இல்’ சேர்க்கவேண்டும். இடுக்கி ‘இடுக்கியில்’ ஆகும், யகரம் தோன்றும். மறையூர் ‘மறையூரில்’ ஆகும், இயல்பாய்ச் சேரும். தேவிகுளம் ‘தேவிகுளத்தில்’ ஆகும், அத்துச்சாரியை பெறும். பாலக்காடு ‘பாலக்காட்டில்’ ஆகும், டகரம் இரட்டும். நான்கு பெயருக்கு நான்கு விதி. வார்ப்புத் தொடரோ ‘பாலக்காடுஇல்’ என்றே தரும்.

இதனைத் தவிர்க்க மொழிபெயர்ப்பாளர் கையாளும் உத்தி, ‘என்னும் ஊரில்’, ‘என்பதை’, ‘என்பதன்’ என்று ஒரு தாங்குசொல்லை நுழைத்து வேற்றுமையை அதன்மேல் ஏற்றுவது. கணிப்பொறித் திரைகளில் இன்று காணும் தமிழ் நடைக்கு ‘என்பது’ இத்துணை மிகுந்து வழங்குவதன் காரணம் மொழிபெயர்ப்பாளரின் சுவையன்று. வெற்றிடத்தில் எந்தப் பெயர் வரும் என்று அறியாமல் எழுதுவோரின் தற்காப்பு அது. மொழிபெயர்ப்பாளர்மேல் சுமத்தப்படும் பழி பெரும்பாலும் வார்ப்பைச் செய்தவரைச் சேரவேண்டியது.

வார்ப்பைச் சரிபாராமல் வழங்குவதன் விளைவு மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. 2021 மே மாதம் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஆ. ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். தமிழாக்கத்தில் ஒரு சொல் விடுபட்டிருந்ததால் அவ்வுறுதிமொழி நிறைவுடையதன்று எனக் கருதப்பட்டு, சூன் 2ஆம் நாள் அவர் மீண்டும் ஏற்கவேண்டியதாயிற்று. நிரலர் தம் தொழிலில் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம், ஒருவர் எழுதிய வரியை மற்றொருவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் வெளியிடாமை. மேலே பேசிய கருத்துகளுள் மொழிபெயர்ப்பாளர் முதலில் கடன்வாங்கத் தக்கது இவ்வழக்கமே என்று தோன்றுகிறது.

ஊர்ப்பெயர்களைப் பொறுத்தவரை செய்யக்கூடியது பெரிய செயலன்று. தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை, சிற்றூர் ஆகிய வட்டங்களின் ஊர்ப்பெயர்கள் ஒரு சிறு பட்டியலில் அடங்கும். எண்ணைக் கழித்துத் தமிழாக்குவதை விட்டு, ஒவ்வோர் ஊருக்கும் தமிழ் எழுவாய் வடிவம், தமிழ் வேற்றுமையடி, மலையாள எழுவாய் வடிவம், மலையாள வேற்றுமையடி என நான்கு நிரல்களை அறிந்தோர் கையால் நிரப்பி வைக்கலாம். பாலக்காடு என்னும் வரியில் ‘பாலக்காட்டு’ என்பதும், தேவிகுளம் என்னும் வரியில் ‘தேவிகுளத்து’ என்பதும் ஐயமின்றி எழுதப்படும். மூணாறு என்னும் வரியில் மட்டும் ‘மூணாற்று’ என்று எழுதுவதா, தோட்டத் தொழிலாளர் வாயில் வழங்கும் ‘மூணாறில்’ என்பதற்கேற்ப ‘மூணாறு’ என்றே விடுவதா என்பதை அவ்வூராரைக் கேட்டே எழுதவேண்டும்.